வாய்க்கரிசி போட்ட பாஸ்டரம்மா

எங்கள் தெருவில் காலையில் வாசல் தெளிப்பவர்களில் சௌந்தரவல்லிதான் முதல் ஆள். தண்ணீர் தெளிப்பார், சுத்தமாகப் பெருக்குவார், கோலம் மட்டும் போடமாட்டார். ஈர வாசல் வெறுமனே கிடக்கும். தெருவுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டு, "எதிர்வீட்ல ஏதும் துக்கமா?" என்று என்னிடம் கேட்டதுண்டு. "இல்லைங்க, அது பாஸ்டர் வீடு" என்பேன்.

நான் கொம்யூன் பஞ்சாயத்து என்று எங்கள் பக்கம் சொல்லும் ஊராட்சி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். காரைக்காலுக்குத் தெற்கே, திருமலைராயன்பட்டினத்திலிருந்து மீனவர் ஊரான பட்டினச்சேரிக்குப் போகும் சாலையில் எங்கள் இரண்டு வீடுகளும் எதிரெதிரே இருக்கின்றன. கீரை ஆய்ந்துகொண்டும் மீன் கழுவிக்கொண்டும் அவர் சொன்னதும், நானே பார்த்ததுமாகச் சேர்ந்ததுதான் இது.

சௌந்தரவல்லி பிறந்தது பூவத்துக்குப் பக்கத்தில், நண்டலாற்றை ஒட்டிய ஒரு சின்ன ஊரில். அப்பா தெட்சிணாமூர்த்திக்கு நெல் தவிர வேறு பிழைப்பு கிடையாது. தம்பி தமிழ்ச்செல்வன் படிப்பில் கெட்டி. அவனைப் புத்தகத்தோடு விட்டுவிட்டு, மகளைத்தான் அப்பா வயலுக்குக் கூட்டிக்கொண்டு போவார். நாற்றுப் பறிக்கவும், மடை கட்டவும், வரப்போரம் அண்டை வெட்டவும் பள்ளிக்கூடம் முடிக்கும் முன்பே அவருக்குக் கை வந்துவிட்டது. காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை அது. தண்ணீர் எப்போது வரும், வந்தால் எத்தனை நாள் ஓடும் என்பதுதான் அந்த வீட்டில் எப்போதும் பேச்சு.

கட்டிக்கொடுத்தது அன்பழகனுக்கு. நெடுங்காட்டுப் பக்கத்து விவசாயக் குடும்பம்தான் அவரும். ஆனால் வயலை விட்டுவிட்டுக் கீழவாஞ்சூர் துறைமுகத்தில் நிலக்கரி இறக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். "சட்டையைத் தண்ணில போட்டா வாளி முழுக்கக் கரியா நிக்கும். கல்யாணமான புதுசுல எனக்கு வேற வேலையே கிடையாது, அந்தச் சட்டையோட மல்லுக்கட்டுறதுதான்" என்று சிரிப்பார். மகள் பிறந்தபோது விஷ்ணுப்ரியா என்று பேர் வைத்தவர் தெட்சிணாமூர்த்தி.

குழந்தை தவழ ஆரம்பித்த சமயம், வேலை முடிந்து பைக்கில் வந்துகொண்டிருந்த அன்பழகனுக்குக் குறுக்கே நாய் ஓடி, விழுந்து தொடை எலும்பு முறிந்தது. பல மாதம் படுக்கை. உறவுக்காரர்கள் முதல் வாரம் ஆரஞ்சும் ஹார்லிக்ஸுமாக வந்து போனார்கள். தொடர்ந்து வந்தவர் அவரோடு வேலை பார்த்த ஒரே ஒருவர்தான். வேலை முடிந்து நேராக வருவார். அன்பழகனைத் திருப்பிப் படுக்க வைத்து, முதுகு துடைத்துவிட்டு, கட்டில் ஓரம் முழங்கால் போட்டு ஜெபம் பண்ணிவிட்டுப் போவார். எழுந்து நடக்க ஆரம்பித்ததும் அன்பழகன் அவரோடு சபைக்குப் போனார். கொஞ்ச நாளில் ஞானஸ்நானம் எடுத்தார். அதற்கு அடுத்த வருஷம், வேலையை விட்டுவிட்டு வேதாகமக் கல்லூரிக்குப் போகப்போவதாகச் சொன்னார்.

"போங்க. என்னை மட்டும் இழுக்காதீங்க" என்றாராம் சௌந்தரவல்லி.

அவரும் இழுக்கவில்லை. படித்து முடித்து வந்து, இந்தச் சாலையில் ஒரு தகரக் கொட்டகை போட்டுச் சபை ஆரம்பித்தார். துறைமுகத்துக்காரர்கள் சில குடும்பமும், பட்டினச்சேரியிலிருந்து மீன் விற்கும் பெண்கள் கொஞ்சம் பேரும் வந்தார்கள். சௌந்தரவல்லி மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கடைசி வரிசையில் உட்காருவார். ஒருநாள் அவரும் கடலில் இறங்கி ஞானஸ்நானம் எடுத்தார். ஏன் என்று நான் கேட்டிருக்கிறேன்.

"இவரை அந்தப் பக்கம் தனியா விட்டுட்டு நான் இந்தப் பக்கம் நிக்க முடியல. அப்ப அவ்வளவுதான். நம்பிக்கையெல்லாம் அப்புறமா வந்துச்சு."

அந்தச் சபையில் பெண்கள் பொட்டும் பூவும் நகையும் போடுவதில்லை. அப்படியே அவர் பூவத்துக்குப் போய் நின்றபோது, அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதிருக்கிறார். புருஷன் உயிரோடு இருக்கும்போது மகள் மூளி நெற்றியோடு வந்து நிற்பதை அந்த அம்மாவால் தாங்க முடியவில்லை. தெட்சிணாமூர்த்தி மகளை ஒருமுறை பார்த்தார், மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார். சௌந்தரவல்லி பின்னாலேயே போனார். வரப்பில் நின்றபடி அப்பா சொன்னது இதுதான்: "நீ எப்ப வேணாலும் வா, வல்லி. அவரு வரவேண்டாம்."

அதன்பிறகு அன்பழகன் மாமனார் வீட்டுப் பக்கம் போகவில்லை. சௌந்தரவல்லி நடவுக்கும் அறுவடைக்கும் போகாமல் இருந்ததில்லை. ஸ்கூட்டியில் காரைக்கால் தாண்டி பூவம் போய், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கிவிடுவார். அப்பாவும் மகளும் உரம், பூச்சி, தண்ணீர் பற்றிப் பேசுவார்கள். சாமி பற்றிப் பேசியதே இல்லை.

சபையில் அவருக்கு வேறு சிரமம். பாஸ்டரம்மா என்றால் பெண்கள் கூட்டம் நடத்த வேண்டும், சத்தமாக ஜெபிக்க வேண்டும், பாட வேண்டும். இவருக்கு மூன்றும் வராது. சபை மூப்பர் தியாகராசன் நல்ல மனிதர்தான், ஆனால் எல்லாம் முறைப்படி நடக்க வேண்டும் என்பவர். "பாஸ்டரம்மா இன்னும் வாயைத் திறக்க மாட்டேங்கிறாங்களே" என்று அவர் அன்பழகனிடம் சொல்வது இவர் காதிலும் விழும். விஷ்ணுப்ரியா என்ற பேரை மாற்றச் சொன்னதும் அவர்தான். அதற்கு மட்டும் சௌந்தரவல்லி உடனே பதில் சொன்னார்: "பேரு எங்கப்பா வச்சதுங்க. அது அப்படியே இருக்கட்டும்." சபைக்காரர்கள் அவளைப் பிரியா என்று கூப்பிட்டுச் சமாளித்துக்கொண்டார்கள்.

அவர் முதன்முதலில் வாய் திறந்து ஜெபித்தது கொட்டகையில் இல்லை, பட்டினச்சேரிக் கடற்கரையில்.

ஒரு கார்த்திகை மாதம், கடலுக்குப் போன படகு ஒன்று திரும்பவில்லை. அதில் சபைக்கு வரும் பவுனம்மாளின் கணவர் கலைவாணன் இருந்தார். கூட இன்னும் இரண்டு பேர். காற்று அடித்துக்கொண்டிருந்தது. பவுனம்மாள் சாப்பிடாமல் மணலில் உட்கார்ந்திருந்தார். பாஸ்டரும் தியாகராசனும் வந்து ஜெபித்துவிட்டு, அதிகாரிகளைப் பார்க்கப் போனார்கள். சௌந்தரவல்லி ஒரு தூக்கில் ரசம் சாதம் எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தவர், எழுந்திருக்கவே இல்லை.

மறுநாள் மத்தியானம் பவுனம்மாள் கேட்டார். "பாஸ்டரம்மா, நீங்க ஒண்ணுமே சொல்ல மாட்டீங்களா? ஒரு வார்த்தை கேளுங்களேன் ஆண்டவர்கிட்ட."

சௌந்தரவல்லிக்கு சபையில் சொல்லும் வார்த்தை எதுவும் ஞாபகம் வரவில்லை. பக்கத்து வயல்காரரிடம் தண்ணீர் கேட்பது போலக் கேட்டதாகச் சொல்வார். "ஆண்டவரே, இந்தம்மா வீட்டுக்காரரைக் கரை சேர்த்துடுங்க. கூட இருக்கிறவங்களையும் சேர்த்துடுங்க. நாங்க இங்கதான் உக்காந்திருக்கோம்."

அன்று சாயங்காலம் வேறொரு படகு அவர்களை இழுத்துக்கொண்டு வந்தது. இன்ஜின் பழுதாகி அலையில் அடித்துக்கொண்டு போயிருக்கிறது. கலைவாணனும் இன்னொருவரும் இறங்கினார்கள். மூன்றாவது ஆள், கல்யாணமாகாத பையன், அலையில் தவறிவிட்டான். அவன் உடல் கிடைக்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சபையில் இதைச் சாட்சியாகச் சொல்ல வேண்டும் என்று தியாகராசன் கேட்டார். சௌந்தரவல்லி மறுத்துவிட்டார். "அந்தப் பையனுக்கும் சேர்த்துத்தான் நான் கேட்டேன். அவங்கம்மா காதுல இது விழுந்தா எப்படி இருக்கும்?" அந்தப் பையனின் அம்மா சபைக்கு வருகிறவர் இல்லை. ஆனாலும் அந்த வருஷம் முழுக்க, பட்டினச்சேரிக்குப் போகும்போதெல்லாம் சௌந்தரவல்லி அந்த வீட்டுக்குப் போய் உட்கார்ந்துவிட்டுத்தான் வருவார். என்ன பேசுவீர்கள் என்று கேட்டேன். "ஒண்ணும் பேசறதில்ல. அந்தம்மா கருவாடு காய வைப்பாங்க, நானும் திருப்பிப் போடுவேன்" என்றார். நம்பிக்கை தனக்கு வந்தது அந்த வருஷத்தில்தான் என்றும் ஒருமுறை சொன்னார்.

தெட்சிணாமூர்த்தி இறந்தது ஒரு மாசி மாதம். சம்பா அறுத்து, நெல் கொள்முதலுக்குப் போய்விட்டிருந்தது. காலையில் வைக்கோல் போர் போட்டுக்கொண்டிருந்தவர் நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தார், அப்படியே சாய்ந்துவிட்டார். தமிழ்ச்செல்வன் புதுச்சேரியில் அரசு வேலையில் இருந்தார். அவர் வந்து சேர்வதற்குள் மகள்தான் எல்லாம் பார்த்தது. அப்பாவைக் குளிப்பாட்ட வைத்து, வேட்டி மாற்றி, பெஞ்சில் கிடத்தி, வந்தவர்களுக்குப் பதில் சொல்லி, அம்மாவைத் தாங்கிக்கொண்டு.

நானும் துக்கத்துக்குப் போயிருந்தேன். சபையிலிருந்தும் ஒரு வேனில் வந்திருந்தார்கள். அன்பழகன் மாலையை வேறொருவரிடம் கொடுத்தனுப்பிவிட்டு, தெருவில் பந்தலுக்கு வெளியே கைகட்டி நின்றார். வரவேண்டாம் என்று சொன்னவர் இப்போது தடுக்கப்போவதில்லை. ஆனாலும் அவர் உள்ளே வரவில்லை.

தூக்கும் நேரம் வந்தது. உறவுக்காரப் பெண்கள் வரிசையாகச் சுற்றி வந்து வாய்க்கரிசி போட்டார்கள். கடைசி முறையாகப் பிள்ளைகளும் சொந்தமும் இறந்தவர் வாயில் அரிசி போடுவது. "பொண்ணு எங்க?" என்று யாரோ கேட்டார்கள். "அவ வேதத்துக்காரி, அவ போடமாட்டா" என்று இன்னொரு குரல். தமிழ்ச்செல்வன் அக்காவைப் பார்த்தார். கட்டாயப்படுத்தவில்லை. வேனில் வந்த சபைக்காரர்கள் தெருவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சௌந்தரவல்லி எழுந்தார். முறத்திலிருந்து ஒரு பிடி அரிசி எடுத்தார். சுற்றி வந்து அப்பாவின் வாயருகே போட்டார். போட்டுவிட்டு அவர் தாடையைத் துடைத்துவிட்டார், சாப்பிட்ட குழந்தைக்குத் துடைப்பது மாதிரி. அப்போதுதான் அவருக்கு அழுகை வந்தது.

தெருவில் தியாகராசன் தலையைக் குனிந்துகொண்டதைப் பார்த்தேன். அன்பழகன் அசையவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடியும் வரை சபையில் யாரும் எதுவும் கேட்கவில்லை. அதற்கடுத்த வாரம் தியாகராசன் பாஸ்டரைத் தேடி வந்தார். "நாம மத்தவங்களுக்கு இதைச் செய்யாதேன்னு சொல்றோம். பாஸ்டரம்மாவே செஞ்சா நாளைக்கு யாருக்கு என்ன சொல்ல முடியும்? அவங்க சபை முன்னாடி ஒரு மன்னிப்பு கேட்டா முடிஞ்சு போயிடும்." வாசலில் நின்று பேசியதால் எனக்கே கேட்டது. குரலில் கோபம் இல்லை, உண்மையான கவலைதான் இருந்தது.

அன்றைக்கு வீட்டுக்குள் நடந்ததை சௌந்தரவல்லி எனக்குப் பின்னால் சொன்னார்.

"நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கணவரிடம் கேட்டிருக்கிறார்.

அன்பழகன், "எனக்கும் வருத்தம்தான் சௌந்தரம். நீ செஞ்சது தப்புன்னுதான் எனக்குப் படுது. பொய் சொல்ல முடியாது" என்றாராம்.

"சரி. நடந்ததை நானே சபைல சொல்றேன். மன்னிப்பு கேக்க மாட்டேன்."

"அப்ப கொஞ்சம் பேரு போயிடுவாங்க."

"தெரியும்."

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நடுவே அவர் எழுந்து முன்னால் வந்தார். அன்று நானும் போய்ப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். மைக் பிடிக்கத் தெரியாமல் வாய்க்கு மேலே பிடித்துக்கொண்டார்.

"எங்கப்பாவுக்கு வாய்க்கரிசி போட்டேன். நீங்களும் பாத்தீங்க. நான் அங்க எந்தச் சாமியையும் கும்பிடல. அவரு எனக்கு ஊட்டின சோறு எவ்வளவோ. ஒரு பிடி திருப்பிப் போட்டேன். என்னைப் பெத்தவரை நடுத்தெருவுல விட்டுட்டு, நான் சுத்தமா இருக்கேன்னு நிக்க என்னால முடியல. இது தப்புன்னு உங்களுக்குத் தோணலாம். எனக்குத் தோணல. ஆண்டவர்கிட்ட நானே சொல்லிக்கிறேன்."

மைக்கைக் கீழே வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தார். யாரும் ஆமென் சொல்லவில்லை. அன்பழகன் பிரசங்கம் செய்ய எழுந்து, வேதத்தைத் திறந்தார். இரண்டு மூன்று முறை ஆரம்பித்தார். பிறகு மூடி வைத்துவிட்டு, ஒரு பாட்டுப் பாடி முடித்துக்கொள்ளலாம் என்றார்.

அடுத்த வாரம் சபையில் பாதி இடம் காலி. தியாகராசன் தன் வீட்டு மாடியில் தனியாக ஜெபக்கூட்டம் ஆரம்பித்துவிட்டார். துறைமுகத்துக் குடும்பங்கள் பெரும்பாலும் அவரோடு போய்விட்டன. பட்டினச்சேரிப் பெண்கள் மட்டும் இருந்தார்கள். அவர்கள் தங்கியது சௌந்தரவல்லி அன்று பேசியதற்காக என்று சொல்ல முடியாது. பவுனம்மாள் என்னிடம் சொன்ன காரணம் எளிமையானது: "கடற்கரைல எங்கூட உக்காந்தவங்களை விட்டுட்டு நான் யார் வீட்டு மாடிக்குப் போக?"

அந்தச் சில மாதங்கள் எதிர்வீடு அமைதியாகக் கிடந்தது. சண்டை இல்லை. அன்பழகன் மனைவியிடம் கேட்டதற்குப் பதில் சொல்வார், அவ்வளவுதான். ஒருநாள் துணி காயப்போடும்போது சௌந்தரவல்லி என்னிடம், "திட்டினாக்கூடப் பரவால்லங்க. மரியாதையா நடந்துக்கிறார், அதைத்தான் தாங்க முடியல" என்றார்.

வயல் என்ன ஆவது என்ற கேள்வி வந்தது. தமிழ்ச்செல்வன் குத்தகைக்கு விட்டுவிடலாம் என்றார். அம்மா ஊரை விட்டு வரமாட்டேன் என்றார். சௌந்தரவல்லி, "இந்த வருஷம் நான் பாக்குறேன்" என்று சொல்லிவிட்டார். பாஸ்டர் வீட்டு அம்மா சேற்றில் நிற்பதா என்று மாடிக் கூட்டத்தில் பேசிக்கொண்டார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆவணியில் உழவு ஓட்டி, நேரடி விதைப்பாகத் தெளித்துவிட்டார். பயிர் நன்றாக எழுந்தது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. விட்டு விட்டுப் பெய்யாமல் ஒரே ஊற்று. வயல் வடியும் வாய்க்காலில் ஆகாயத்தாமரை அடைத்து, தண்ணீர் ஆற்றுக்குப் போகாமல் திரும்பி ஏறியது. இளம் பயிர் தலை முழுகிக் கிடந்தது. இன்னும் கொஞ்ச நாள் கிடந்தால் அழுகிவிடும். சௌந்தரவல்லி மழைக்கோட்டோடு போய், பக்கத்து வயல்காரர்கள் இரண்டு பேரோடு அரிவாளால் செடியை வெட்டிப் பார்த்தார். வெட்ட வெட்ட மேலிருந்து வந்து அடைத்தது. சாயங்காலம் வீடு திரும்பித் தம்பிக்குப் போன் செய்தார். அதிகாரிகளிடம் சொல்லியிருக்கிறேன், மெஷின் வரும் என்றார் தம்பி. மெஷின் எல்லா ஊருக்கும் தேவைப்பட்டது.

வீட்டில் அன்பழகன் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். குடையை எடுத்துக்கொண்டு பட்டினச்சேரிக்கு நடந்தார். புயல் எச்சரிக்கையால் யாரும் கடலுக்குப் போகாத நேரம். கலைவாணனைப் பார்த்தார். மறுநாள் விடிந்ததும் ஒரு குட்டி யானை வண்டியில் கலைவாணனும் இன்னும் ஏழெட்டுப் பேரும் தடித்த கயிறும் பழைய வலையுமாக ஏறினார்கள். பாஸ்டர் முன்சீட்டில் உட்கார்ந்தார்.

வரப்பில் நின்ற சௌந்தரவல்லி வண்டியைப் பார்த்து யாரோ என்று நினைத்திருக்கிறார். இறங்கிய முதல் ஆள் தன் கணவர் என்று தெரிந்ததும் கையிலிருந்த அரிவாளோடு அப்படியே நின்றுவிட்டாராம்.

கடல்காரர்களுக்குக் கழுத்தளவு தண்ணீர் ஒரு பொருட்டில்லை. செடிக்கூட்டத்தைச் சுற்றி வலையைப் போட்டு, கயிறு கட்டி, கரையிலிருந்து ஒரே மூச்சில் இழுத்தார்கள். கரைவலை இழுக்கும்போது பாடும் அதே பாட்டுதான். செடி மொத்தமாக வந்து கரையில் குவிந்தது. அன்பழகன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முறிந்து சேர்ந்த காலோடு கயிற்றின் கடைசியில் நின்று இழுத்தார். மத்தியானத்துக்கு மேல் தண்ணீர் சத்தத்தோடு ஆற்றுப் பக்கம் ஓட ஆரம்பித்தது.

எல்லோருக்கும் அம்மா சோறு வடித்திருந்தார். மருமகன் வாசல் படியில் தயங்கி நின்றபோது, "உள்ள வாங்க மாப்பிள்ளை, காலைக் கழுவிட்டு உக்காருங்க. குழம்பு ஆறுது" என்றார். உள்ளே தெட்சிணாமூர்த்தியின் படத்துக்கு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அன்பழகன் அதன் எதிரே உட்கார்ந்துதான் சாப்பிட்டார்.

திரும்பும்போது அவர் வண்டியில் ஏறவில்லை. மனைவியின் ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்துகொண்டார். பூவம் தாண்டி வரும்போது காதருகே சொன்னாராம்: "அந்த அரிசி விஷயம் எனக்கு இன்னும் சரின்னு படல, சௌந்தரம்."

"படவேண்டாம்" என்றிருக்கிறார் இவர்.

"ஆனா உன்மேல வருத்தம் இல்ல."

இதை என்னிடம் சொன்னபோது, "நான் வண்டிய கொஞ்சம் வேகமா ஓட்டினேன்" என்றார்.

அந்த வருஷம் விளைச்சல் பாதிதான் கண்டது. முழுகிய பயிர் முழுசாகத் தேறவில்லை. ஆனாலும் அடுத்த வருஷமும் அவரே செய்தார், இந்த வருஷமும் செய்கிறார். சபை இன்னும் சின்னதுதான். தியாகராசன் திரும்பி வரவில்லை. வழியில் பார்த்தால் இரண்டு பேரும் நின்று நலம் விசாரித்துக்கொள்கிறார்கள். அறுவடை மாதத்தில் ஞாயிறு ஆராதனையைச் சாயங்காலத்துக்கு மாற்றிவிட்டார் பாஸ்டர். விஷ்ணுப்ரியா நர்சிங் முடிக்கப்போகிறாள்.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் பெண்கள் கூட்டத்தை சௌந்தரவல்லிதான் நடத்துகிறார். பாட்டை வேறொருவர் பார்த்துக்கொள்கிறார். போன வாரம் கூட்டம் முடிந்து, புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் தயங்கித் தயங்கி அவரிடம் வந்தாள். மாமனார் சாகக் கிடக்கிறார், அங்கே போனால் சடங்கெல்லாம் செய்யச் சொல்வார்கள், போகலாமா வேண்டாமா என்று கேட்டாள். பாஸ்டரிடம் கேட்கப் பயம் என்றாள்.

"முதல்ல போம்மா" என்றார் சௌந்தரவல்லி. "போய் அவருக்கு வாயில தண்ணி ஊத்து, கூட இரு. மத்தது அப்புறம். பாஸ்டர் வேற மாதிரி சொல்லுவார், அதையும் கேட்டுக்க. முடிவு உன்னோடது."

அந்தப் பெண்ணுக்குக் கடைசி பஸ் போய்விட்டது என்று தெரிந்ததும், ஸ்கூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு அவரே கிளம்பினார். போகும்போது என் வாசலில் நிறுத்தி, "அவர் வந்தா சோறு மேடைல இருக்குன்னு சொல்லிடுங்க" என்றார்.